உயிரோடு இருப்பதை வீடியோவில் காட்டினால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் நெருங்கினாலே வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். இந்த முறை டெல்டாப் பக்கத்திலிருந்து வந்தவை பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஆபீஸ் படி ஏறாமல், போனிலோ வீடியோவிலோ அரசாங்கக் காரியத்தை முடிக்க முடியுமா?

கேள்வி: ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பாவுக்கு 81 வயது. குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். வருடா வருடம் நவம்பர் மழையில் ஆட்டோ வைத்து வங்கிக்குக் கூட்டிப் போய் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டியிருக்கிறது. வீடியோவில் முடியாதா?
– வாசகி, சென்னை

பதில்: முடியும். ஆனால் முதலில் தேதியைப் பார்ப்போம். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம், நவம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை. இது தெரியாமல் எத்தனையோ பேர் அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு வங்கி வாசலில் நிற்கிறார்கள். நவம்பரைத் தேர்ந்தெடுத்தவர் ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் வந்து பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததே, அதுவும் இதே லைஃப் சர்டிஃபிகேட் மாதம்தான். வேதாரண்யம் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, வீட்டுக்குக் கூரை இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம். பென்ஷன் ஸ்டேட் பாங்க் மூலம் வருகிறது என்றால், 2021 நவம்பர் முதல் அங்கே வீடியோ வழியாகவே சான்று கொடுக்கும் வசதி இருக்கிறது. வங்கியின் பென்ஷன் இணையதளத்தில் கணக்கு எண்ணைக் கொடுத்து, பதிவு செய்த போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அந்தப் பக்கத்தில் நீங்களே அடித்தால், ஒரு அலுவலர் திரைக்கு வருவார். அவர் கேட்கும்போது அப்பா ஒரிஜினல் பான் கார்டை கேமரா முன்னால் காட்ட வேண்டும், திரையில் தெரியும் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அப்புறம் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. பான் கார்டைத் தேடி எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள், பீரோவைக் குடைந்து முடிப்பதற்குள் லைன் போய்விடும்.

வேறு வங்கி என்றால் ஜீவன் பிரமாண், அதாவது ஆதார் வழியே எடுக்கும் டிஜிட்டல் லைஃப் சர்டிஃபிகேட். 2014-இல் தொடங்கியபோது கைரேகை அல்லது கருவிழிக் கருவி வேண்டியிருந்தது. 2021 நவம்பருக்குப் பிறகு சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே முகத்தைக் காட்டி முடிக்கலாம். வயல் வேலை செய்து ரேகை தேய்ந்த கைகளுக்கு இது பெரிய விடுதலை. எதுவும் சரிப்படவில்லையா, தபால்காரரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து செய்து கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். ஆதார், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். குறுஞ்செய்தியில் பிரமாண் எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பென்ஷன் கொடுக்கும் வங்கி அதை ஏற்றதா என்றும் பார்க்க வேண்டும், கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் தள்ளிவிடுவார்கள். மாநில அரசு ஓய்வூதியர்களுக்குக் கருவூல நேர்காணல், அதன் மாதக் கணக்கு வேறு. அங்கேயும் ஜீவன் பிரமாண் செல்லும்.

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. முகம் காட்டும் ஆப் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது, எத்தனை தடவை செய்தாலும் தோல்வி. என்ன செய்வது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்திருப்பீர்கள், திருப்பி உட்காரவையுங்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும். போனை அம்மா கையில் கொடுக்காமல் நீங்கள் பிடியுங்கள். அந்த ஆப்பில் முதலில் போன்காரர் தன் ஆதாரைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால், அதே போனில் எத்தனை ஓய்வூதியர்களுக்கு வேண்டுமானாலும் சான்று எடுக்கலாம். அதனால் தெருவில் விவரமான ஒரு பிள்ளை இருந்தால் தெரு முழுக்கக் கரை சேர்ந்துவிடும்.

கேள்வி: கோடியக்கரையில் இருக்கும் என் பெரியம்மா முதியோர் பென்ஷனுக்கு மனு கொடுத்து நிராகரித்துவிட்டார்கள். நேரில் வந்து விசாரிப்பதற்குப் பதில் வீடியோ காலில் விசாரித்தால் சீக்கிரம் முடியும் அல்லவா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: இங்கே நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். 2023-இல் 1,000-லிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்த இந்த உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்தால், மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கைகளைத் தாண்டி சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தாரிடம் போகிறது. வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்தால் கூரையைப் பார்ப்பார், அடுப்பைப் பார்ப்பார், பக்கத்து வீட்டில் நாலு வார்த்தை கேட்பார். வீடியோவில் என்ன தெரியும்? பெரியம்மா முகமும், பின்னால் சுவரில் காலண்டரும். பிள்ளை இருக்கிறான், ஆனால் சோறு போடவில்லை என்பதை எந்தக் கேமராவும் காட்டாது, அதுவும் அந்தப் பிள்ளைதான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றால் பெரியம்மா வாயே திறக்க மாட்டார்.

வீடியோ வேண்டியது இதற்கு அப்புறம் வரும் கட்டத்தில். மனு தள்ளுபடியானது ஏன், என்ன பேப்பர் குறைகிறது, அப்பீல் யாரிடம் என்று கேட்கத்தான் பெரியம்மா பஸ் ஏறி தாலுகா ஆபீசுக்குப் போகிறார். போனால் சம்பந்தப்பட்டவர் கேம்ப் போயிருப்பார், அடுத்த வாரம் வாங்க என்பார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம், ஊரில் உள்ள இ-சேவை மையத்திலேயே திரை வைத்து, தாசில்தார் ஆபீஸ் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்து மனு எண்ணைப் பார்த்துப் பதில் சொன்னால் பாதி அலைச்சல் தீரும். அரசாங்கம் நம்மைத் தேடி வரவேண்டிய வேலையை வீடியோவுக்குத் தள்ளக் கூடாது, நாம் அரசாங்கத்தைத் தேடி அலையும் வேலையை வீடியோவுக்கு மாற்ற வேண்டும். தாயுமானவர் திட்டம் என்று 2025 ஆகஸ்டில் முதியவர்கள் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுபோக ஆரம்பித்தார்களே, அந்தப் பொருளை வீடியோவில் அனுப்ப முடியுமா?

இப்போதைக்கு, நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் பொதுச் சேவை மையங்கள் வழியே டெலி-லா இருக்கிறது, வக்கீலோடு போனிலோ வீடியோவிலோ பேசலாம். அதில் உண்மையாகவே பயன் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் எல்லாமே ஆன்லைனாமே? என் மகன் சொல்கிறான்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: எல்லாமே இல்லை. அங்கே சோஷியல் செக்யூரிட்டி என்ற அமைப்புதான் ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி இரண்டையும் பார்க்கிறது. உதவி மறுக்கப்பட்டவர் அப்பீல் செய்தால் ஒரு நிர்வாக நீதிபதி விசாரிப்பார், அதை வீடியோவில் நடத்தும் வழக்கம் கொரோனாவுக்கு முன்பே உண்டு. 2020 மார்ச்சில் ஆபீஸ்களை மூடியபோது விசாரணையைப் போனுக்கு மாற்றினார்கள், அப்புறம் வீட்டிலிருந்தே வீடியோவில் வரலாம் என்றார்கள். அப்படி வேண்டாம் என்று மறுக்கவும் மனுதாரருக்கு வழி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: ஆபீஸ் தொலைவில் இருக்கும் இடங்களில் நூலகம், மருத்துவமனை, பழங்குடியினர் மையம் போன்றவற்றில் திரை வைத்து, அலுவலரோடு அங்கிருந்தே பேசவைக்கிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவரும் பேசலாம். நம் ஊர் நூலகங்களில் அப்படி ஒரு மூலை ஒதுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

கேள்வி: விவசாயிகள் குறைதீர் கூட்டத்தை நிரந்தரமாகக் காணொலியில் நடத்தினால் என்ன?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: வேண்டவே வேண்டாம். கொரோனா சமயத்தில் வட்டார வேளாண்மை ஆபீசில் உட்கார்ந்து கலெக்டரோடு திரையில் பேசினோம், அப்போது வேறு வழி இல்லை. மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு கலெக்டர் மேஜை முன்னால் நிற்பவரை யாரும் மியூட் செய்ய முடியாது. தூரத்தில் இருப்பவர் கூடுதலாக வீடியோவில் சேரட்டும், அதில் தப்பில்லை.

கேள்வி: யூனிஃபார்ம் போட்ட ஒருவர் வாட்ஸ்அப் வீடியோவில் வந்து, ஆதாரில் கேஸ் இருக்கிறது, பென்ஷன் நின்றுவிடும், அழைப்பைக் கட் செய்யக் கூடாது என்று மிரட்டினார். பயந்துபோய் ஓ.டி.பி. சொல்லிவிட்டேன்.
– வாசகர், திருவாரூர்

பதில்: அது மோசடி. வீடியோ காலில் கைது என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. பென்ஷன் ஆபீசிலிருந்து யாரும் ஓ.டி.பி. கேட்கவும் மாட்டார்கள். வங்கிப் பக்கத்தில் நாமே அடிப்பது வேறு, எதிரில் இருப்பவருக்கு வாயால் சொல்வது வேறு. இந்த இதழ் கைக்கு வரும்வரை சும்மா இருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இப்போதே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள், கிளைக்குப் போய்க் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.