எட்டு மாதக் குழந்தை ஊழியக்காரி அல்ல

கடிதம்:

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. என் கணவர் ஒரு மிஷன் ஊழியர். திருமணமான கையோடு இலங்கைக்கு வந்தோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகள் இங்கேதான் பிறந்தாள். எட்டு மாதம் ஆகிறது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் கீழே விடுவதே இல்லை. தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது கன்னத்தில் கறுப்புப் பொட்டு இருக்கிறது. "அனுமதிக்காதீர்கள்" என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர். அவரேதான், "பிள்ளை வந்தபிறகு உங்களுக்கு வாசல்கள் திறந்திருக்கின்றன, கர்த்தர் அவளைப் பயன்படுத்துகிறார்" என்றும் சொல்கிறார். ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்துக்காக, ஊர்ப் பெண்களின் மடியில் அவள் இருக்கும் படம் மாதந்தோறும் வேண்டுமாம். ஊழியத்துக்காக வீடு வீடாகப் போகும் வீடு சந்திப்புக்குப் போக முடியவில்லை என்று சொன்னேன். வேதாகமத்தில் அன்னாள் தன் பிள்ளை சாமுவேலை ஆலயத்துக்குக் கொடுத்ததை நினைத்துக்கொள் என்றார்கள். ஊரில் என் அம்மா தொலைபேசியில் அழுகிறார். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பை நினைத்துப் பயப்படுகிறார். இரவில் நானும் அழுகிறேன். பல நாள் சாப்பாடு இறங்குவதில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? இந்தப் பிள்ளைக்கு நாங்கள் அநியாயம் செய்கிறோமா?

ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

சொந்த நாட்டை விட்டு வந்து வளர்ப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் அல்ல. எட்டு மாதப் பிள்ளைக்கு நாடு தெரியாது. தாயின் மணமும் தன்னைத் தூக்கும் கைகளும்தான் தெரியும். அந்தக் கைகள் உங்கள் மகளுக்கு நிறையவே இருக்கின்றன. ஆகவே அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் வேறொரு அநியாயம் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

"வாசல்கள் திறந்திருக்கின்றன" என்ற பேச்சைச் சொல்கிறேன்.

எங்கள் மட்டக்களப்புப் பகுதியின் வழக்கம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இங்கே பெண் கல்யாணம் செய்து புகுந்த வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கென்று எழுதப்படுகிறது. குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. அக்காவும் தங்கையும் ஒரே வளவில், இல்லாவிட்டால் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். சைவ வீடானாலும் கிறிஸ்தவ வீடானாலும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. ஆகவே ஒருத்தி பிள்ளை பெற்றால் அவளுடைய தாயும் தாயின் சகோதரிகளும் சுற்றி நிற்பார்கள். பத்தியச் சரக்கு அரைப்பவர் ஒருவர், தண்ணீர் வார்ப்பவர் ஒருவர், ஏணை கட்டி ஆட்டுபவர் ஒருவர். பிள்ளைத்தாய்ச்சி பால் கொடுப்பாள், உறங்குவாள். அவளுக்கு வேறு வேலை கிடையாது. இப்படிப்பட்ட ஊருக்குள் தாயும் இல்லாமல் சகோதரியும் இல்லாமல் ஒரு பெண் கைக்குழந்தையோடு தனி வீட்டில் இருந்தால், அதைப் பார்த்துக்கொண்டு எங்கள் பெண்களால் சும்மா இருக்க முடியாது.

அவர்கள் உங்கள் செய்தியைக் கேட்க வரவில்லை, மகள். தாயில்லாத இடத்தில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வந்தார்கள். நீங்கள் எதற்காக இந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அது பிடிக்காதவர்களும் அவர்களில் இருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டும் வந்தார்கள். அந்த அன்பை ஊழியத்தின் முன்னேற்றம் என்று ஓர் அறிக்கையில் எழுதுவது சரியல்ல என்று உறுதியாகச் சொல்கிறேன். பிள்ளையைப் பூட்டுத் திறக்கும் சாவியாக்கினால், திறந்தவர்கள் ஒருநாள் அதை அறிந்துகொள்வார்கள். பிள்ளையும் வளர்ந்தபின் அறிந்துகொள்வாள்.

நான் சைவ வீட்டில் பிறந்து, மெதடிஸ்த மிஷன் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் படித்தவள். மிஷனரிகளைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இந்த மட்டக்களப்புக்கு வந்தபோது அவருடைய மனைவி உயிரோடு இல்லை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். அவரும் மறு ஆண்டு ஏப்ரலில் இங்கேயே இறந்தார். ஓர் ஆண்டுகூட முழுதாக இருக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிவைத்த கல்வியின் பயனை என் வரையில் எத்தனையோ தலைமுறைகள் அனுபவித்திருக்கிறோம். குடும்பங்கள் என்ன விலை கொடுத்து வந்தன என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த விலையைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள் என்கிறேன்.

படங்களைப் பற்றி. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோர முகாம்களில் எங்கள் பிள்ளைகளை எத்தனையோ பேர் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த நாட்டில், எந்தச் சுவரில், எந்தத் துண்டுப் பிரசுரத்தில் அந்த முகங்கள் இருக்கின்றன என்று இன்றுவரை அந்தத் தாய்மாருக்குத் தெரியாது. போர்க்காலத்திலும் அப்படித்தான். உங்கள் மகளை மடியில் வைத்திருக்கும் அந்தப் பெண்களிடம், இந்தப் படம் பணம் தருபவர்களுக்குப் போகிறது என்று யாராவது சொன்னார்களா? சொல்லிக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அனுப்புங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் அனுப்பக்கூடாத படம் என்றுதான் அர்த்தம். உங்கள் பிள்ளையின் படத்துக்கும் ஒரு முடிவு வேண்டும். நானாக இருந்தால், "பிள்ளை நலம்" என்று ஒரு வரி மட்டும் எழுதுவேன். உண்மையான ஆதரவாளருக்கு அது போதும்.

கறுப்புப் பொட்டு விஷயத்தில் உங்கள் வீட்டு நம்பிக்கையை விட்டுக்கொடுக்கும்படி சொல்லமாட்டேன். நாவூறு, அதாவது கண்ணேறு, படும் என்ற பயத்தில் அவர்கள் வைக்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் மேற்பார்வையாளர் சொன்னார் என்று பிள்ளையைப் பறித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் கண்முன்னே துடைக்காதீர்கள். பின்னேரம் அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு நீங்களே போங்கள். "அக்கா, எங்கள் வீட்டில் பொட்டு வைப்பதில்லை, குறை நினைக்காதீர்கள், பிள்ளையை வழக்கம்போல் தூக்கிக்கொண்டு போங்கள்" என்று சொல்லுங்கள். நேரில் சொன்னால் எங்கள் பெண்கள் ஏற்றுக்கொள்வார்கள். அடுத்த வளவில் வேறு மதத்தார் இருந்து பழகிய மாவட்டம் இது. வேறொரு விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். ஒரு வயது ஆகும்வரை தேன் நாக்கில் தடவ விடாதீர்கள். கோரோசனை, உரைத்த மருந்து எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க விடாதீர்கள். குழைத்த சோறு, பருப்பு, முள் எடுத்த வாவி மீன் என்று அவர்கள் தீத்தினால், கையைக் கழுவிவிட்டுத் தீத்தச் சொல்லுங்கள், அவ்வளவுதான். தாய்ப்பாலோடு சேர்த்து இதெல்லாம் சாப்பிடும் வயதுதான் அவளுக்கு.

இனி அன்னாள் கதை. அதை உங்களிடம் சொன்னவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அன்னாளின் கணவன் எல்க்கானா ஆண்டுப் பலிக்காகக் குடும்பத்தோடு சீலோவிலுள்ள ஆலயத்துக்குப் புறப்படுகிறான். அன்னாள் போகவில்லை. பிள்ளை பால் மறக்கும்வரை வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். பலி செலுத்துவதைவிடப் பெரிய மதக் கடமை அந்தக் காலத்தில் ஏது? ஆனாலும் கணவன் அவளை வற்புறுத்தவில்லை. உனக்கு நலமாகத் தோன்றுவதைச் செய் என்கிறான். பின்னர் ஆலயத்தில் விட்ட பிறகும், ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போகிறாள். பிள்ளையின் உடம்பு எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று வருடம் முழுவதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தவளால்தான் அளவாகத் தைக்க முடியும். வீடு சந்திப்புக்குப் போ என்று உங்களை எழுப்புவதற்கு இந்தக் கதையைக் காட்டினால், நீங்களும் இதே கதையைத் திருப்பிக் காட்டி வீட்டில் இருங்கள். உங்கள் கணவர் எல்க்கானா சொன்னதைச் சொல்லட்டும். மேற்பார்வையாளருக்குப் பதில் எழுத வேண்டியவர் அவர். அதை உங்கள் தலையில் விடக்கூடாது. ஊருக்கெல்லாம் ஜெபிக்கப் போகிறவர் வாரத்தில் சில இரவுகளாவது பிள்ளையைத் தோளில் போட்டு நடக்க வேண்டும்.

நீங்கள் இரவில் அழுவதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை பிறந்து மாதங்கள் கடந்த பின்னும் அழுகை நிற்காமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் அது பிரசவத்தோடு வரும் மனச்சோர்வாக இருக்கக்கூடும். மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய் அது. ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஜெபித்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பகல் எப்போது வரும் என்று இருக்கிற இரவுகளில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய உளநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. உங்கள் பகுதிக்கு வரும் மிட்வைஃப் பிள்ளையின் நிறையைக் கேட்டால், உங்கள் நிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் நாட்டில் ஏழைத் தாய்க்கு எத்தனையோ குறைகள் உண்டு, ஆனால் வீடு தேடி வரும் அந்தப் பெண்கள் பெரும் பேறு. அவர்களை நம்புங்கள்.

கிளினிக் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். இங்கே தடுப்பூசி அட்டவணை வேறு, இந்தியாவில் வேறு. இங்கே ஒன்பதாம் மாதம் தட்டம்மை, கூகைக்கட்டு (பொன்னுக்கு வீங்கி), ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஓர் ஊசி. மூன்று வயதில் அதன் இரண்டாவது. ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு ஒன்று. உங்கள் ஊருக்குப் போய் நிற்கும்போது அங்குள்ள டாக்டர் எது போட்டாயிற்று என்று கேட்பார். அதற்கு இந்தப் புத்தகம்தான் சாட்சி.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு மிகவும் கவலை தருவது: பிள்ளையின் குடியுரிமை. இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருப்பதால் அவள் இலங்கைப் பிரஜை ஆகிவிடமாட்டாள். இங்கே பிரஜாவுரிமை பெற்றோர் வழியாக வருவது. பிறந்த இடத்தால் வருவதல்ல. 1948ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தால்தான் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். ஒரு தாளின் விலை என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வயது முடிவதற்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் அவளுக்கு இல்லை என்று பெற்றோர் எழுதிக்கொடுக்க வேண்டும். தவறினால் அதற்குப் பிறகு இந்திய மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். உங்களுக்கு நான்கு மாதம் இருக்கிறது. இதை ஏற்கெனவே செய்திருந்தால் நல்லது. இல்லையென்றால் அடுத்த ஊழியக் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு இருவரும் கொழும்புக்குப் போங்கள்.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த நகரம் அதை மறக்கவில்லை. அதைச் சாதாரணமாகப் பேசி அவரைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள். பயமாகத்தான் இருந்தது, இன்றும் மக்கள் ஆலயத்துக்குப் போகிறார்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் அழுவது பயத்தால் மட்டுமல்ல. பேத்தியைக் கையில் வாங்காத அம்மம்மா அவர். முன்பெல்லாம் மிஷனரிகள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே தூரத்துக்கு அனுப்பினார்கள். வெக்கையும் காய்ச்சலும் படிப்பும் காரணம். கப்பலேறிச் சொந்த நாட்டுக்குப் போன பிள்ளைகள் பெற்றோரை ஆண்டுக்கணக்கில் பார்க்கவில்லை. 1901இல் கொடைக்கானலில் அவர்களுக்கென்றே ஒரு பள்ளியும் திறந்தார்கள். உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. நடுவில் இருப்பது ஒரு சின்னக் கடல். பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே விடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் மீண்டும் கப்பல் தொடங்கியது. ஆனால் வயதானவருக்குத் திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானம்தான் வசதி. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு இரவு ரயில் இருக்கிறது. முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் வேண்டாம். அந்த மழையில் படுவான்கரைப் பாதைகள் வெள்ளத்தில் கிடக்கும், டெங்குக் காய்ச்சலும் அதிகம். தை கழிந்து மாசியில் வரட்டும். ஒரு மாதமாவது உங்களோடு இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். அந்த மாதத்தில் நீங்கள் வீடு சந்திப்புக்குப் போக வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவர் வரும் நாளை முன்பே சொல்லிவிடுங்கள். அவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.