15,344 கி.மீ.யா, 16,700 கி.மீ.யா?

கே: சிங்கப்பூர் வழியாக, அமெரிக்காவில் நியூயார்க் பக்கத்திலுள்ள நியூவார்க்கில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். சிங்கப்பூர் - நியூவார்க் தூரம் 15,344 கி.மீ. என்று ஒரு இணையதளத்தில் இருக்கிறது. 16,700 கி.மீ. என்கிறது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். எது சரி?
- வாசகி, திருச்சி

ப: இரண்டும் சரிதான். 15,344 என்பது குறுக்குத் தூரம். வீட்டில் உலக உருண்டை இருந்தால், ஒரு நூலைச் சிங்கப்பூரில் ஒரு முனை, நியூவார்க்கில் மறுமுனை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரி, நியூவார்க் மேற்கு 74. கூட்டினால் 178, அதாவது ஏறக்குறைய பூமியின் பாதிச் சுற்று. அதனால்தான் குறுக்குவழி உச்சந்தலை வழியாகப் போகிறது. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது.

16,700 என்பது விமானம் பறக்கும் தூரம். போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைக் கடந்து போவார்கள். சுற்றுதான், ஆனால் அங்கே 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று வீசுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: காற்றே இல்லாமல் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 15,344 கி.மீ. போக 17 மணி 3 நிமிடம். பின்காற்று சராசரியாக 100 கி.மீ. தள்ளிக்கொடுத்தால் 16,700 கி.மீ.யை 16 மணி 42 நிமிடத்தில் முடித்துவிடலாம். காற்று தினமும் மாறுவதால் பாதையும் மாறும். திரும்பும்போது பசிபிக்கில் அதே காற்று எதிரே நிற்கும் என்பதால் அட்லாண்டிக் பக்கமோ துருவத்தை ஒட்டியோ வருவார்கள்.

டிக்கெட்டில் பயண நேரம் 18½ மணி நேரம் என்று போட்டிருப்பது வேறு கணக்கு. விமான நிலைய கேட்டிலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளுவது முதல் அங்கே கேட்டில் நிற்பது வரை அதில் அடக்கம். ஓடுபாதை வரிசை, தரையிறங்க வட்டமடிப்பது எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருப்பார்கள்.

கே: ஜூலை டிக்கெட்டில் இரவு 11.30க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 6.00க்கு வந்து சேரும் என்று இருக்கிறது. ஆறரை மணி நேரப் பயணமா?

ப: ரெண்டுமே உள்ளூர் நேரம். சிங்கப்பூர் கடிகாரப்படி 11.30 உடன் 18 மணி 30 நிமிடம் கூட்டினால் மறுநாள் மாலை 6.00. கோடையில் நியூவார்க் 12 மணி நேரம் பின்னால்; ஆகவே காலை 6.00. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை வித்தியாசம் 13 மணி; அப்போது இதே பயணம் 5.00க்கு முடியும். மகனிடம் 6 மணிக்கே வாசலில் நிற்கச் சொல்லாதீர்கள். குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வேளைகளை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடிகாரத்தை நம்பினால் குழம்பிவிடும்.

கே: 'டைரக்ட்' என்றால் எங்கேயும் நிற்காதா?

ப: நிற்கலாம். ஒரே விமான எண் வழியில் இறங்கி ஏறினாலும் அது 'டைரக்ட்' தான். சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் போகும் சேவை அப்படித்தான். பயணம் ஒரு நாளை நெருங்கிவிடும். நிற்காமல் போக 'நான்-ஸ்டாப்' என்று தேடுங்கள். நியூவார்க் நான்-ஸ்டாப்பில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூரம் பறக்கும் ரகம்) 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடைக் கணக்குக்காக அதில் 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பே கிடையாது. கட்டணம் எகிறுவது இதனால்தான்.