மொலியேரின் 'கருமி': பிள்ளைகள் சிரிக்காவிட்டால்?

முல்லைத்தீவுப் பக்கம் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "தரம் 11 பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் 'கருமி'யை வாசித்துக் காட்டினேன். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மேடை இல்லை, பாடவேளை 40 நிமிடம். குறிப்புக் கொடுத்துப் பாடமாக்க விடுவதா?"

குறிப்பு வேண்டாம் ரீச்சர். 5 அங்கத்தையும் வரிசையாக வாசிக்கவும் வேண்டாம். கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, மூன்று இடங்களை எடுத்துப் பிள்ளைகளை எழுப்பி நடிக்க விடுங்கள். 1668இல் பாரிஸில் இது மேடையேறியபோது கருமி ஆர்ப்பகோனாக நடித்தவர் மொலியேரேதான். தன் இருமலைக்கூடப் பாத்திரத்தின் இருமலாக்கிக்கொண்டார். நடிகன் எழுதிய பகிடி வாசிப்பில் பாதிதான் தெரியும்.

முதலில் மூன்றாம் அங்கத்தின் தொடக்கம். ஆர்ப்பகோனிடம் சமையற்காரனும் வண்டிக்காரனும் ஒரே ஆள்தான், பெயர் ஜாக். "யாரோடு பேசுகிறீர்கள், வண்டிக்காரனோடா சமையற்காரனோடா?" என்று கேட்டு, அதற்கேற்ப மேலங்கியைக் கழற்றுவான், மாட்டுவான். ஒரு பழைய சேட் போதும். பிள்ளை அவசரப்படாமல் ஒவ்வொரு பொத்தானாகப் பூட்ட, எஜமான் பொறுமையிழந்து நிற்கட்டும். வகுப்பு தானாகச் சிரிக்கும்.

அடுத்தது முதல் அங்கத்தின் கடைசிக் காட்சி. இதற்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். மகள் எலீஸை வயதான அன்செல்முக்குக் கட்டிக்கொடுக்க நிற்கிறார் ஆர்ப்பகோன். அவளை விரும்பி அந்த வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கும் வலேர், எஜமானுக்கு ஆமாம் போடுவதுபோலவே ஒவ்வொரு தடையாகச் சொல்கிறான். எல்லாவற்றுக்கும் ஆர்ப்பகோனிடம் ஒரே பதில்: "சீதனம் இல்லாமல்!" நம் பிள்ளைகள் இங்கே சிரிக்காததற்குக் காரணம் உண்டு. சீதனம் வேண்டாம் என்று ஒரு மாப்பிள்ளை வந்தால் எங்கள் வீடுகளில் அது பெரிய ஆறுதல். ஆர்ப்பகோன் சொல்வது அவர்களுக்கு நியாயமாகவே படும். ஆகவே அவர் தோட்டத்தில் 10,000 தங்கக் காசு புதைத்து வைத்திருப்பதை முன்னரே சொல்லிவிடுங்கள். இல்லாதவர் சொல்லும் அதே சொல்லை இருப்பவர் சொல்கிறார். பகிடி அங்கேதான் இருக்கிறது.

புதைத்த பெட்டி என்றதும் ஒன்று. இடம்பெயர்ந்தபோது நகையையும் பாத்திரத்தையும் புதைத்துவிட்டுப் போன கதை வன்னியில் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு பிள்ளை அதைச் சொன்னால் தடுக்காதீர்கள், நடிப்பைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். அந்தக் குடும்பங்கள் புதைத்தது பிள்ளைகளுக்காக. ஆர்ப்பகோன் புதைத்தது பிள்ளைகளிடமிருந்து ஒளிப்பதற்காக. இந்த வித்தியாசத்தை அவர்களே சொல்லட்டும். பாத்திரப் பண்பு பற்றி எழுத இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

மூன்றாவது, நான்காம் அங்க முடிவில் பெட்டி களவுபோன பின் அவர் தனியாகக் கதறும் இடம். கள்ளனைப் பிடித்துவிட்டதாக நினைத்துத் தன் கையையே பிடிக்கிறார், பிறகு பார்வையாளரையே சந்தேகிக்கிறார். சபையைப் பார்த்துப் பேசுவது காத்தவராயன் கூத்துப் பார்த்த பிள்ளைக்குப் புதிதல்ல. மேசை கதிரைகளை ஓரமாகத் தள்ளி, எல்லோரையும் வட்டமாக இருத்துங்கள். நடிப்பவர் ஒவ்வொரு முகமாகக் கிட்டப் போய்ப் பார்க்கட்டும்.

பரீட்சை விடையை அன்றே எழுதுவியுங்கள், ஒரு பந்தி போதும்: "அவர் கையைப் பிடித்தபோது ஏன் சிரித்தோம்?"