ஆளில்லாமல் ஓடும் குதிரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

குதிரைப் பந்தயம் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். இரண்டு வயதிலேயே ஓடவிடப்படும் பந்தயக் குதிரையைக் 'குழந்தைத் தொழிலாளி' என்று எழுதியிருந்தீர்கள். இருபது ஆண்டுகளாகப் பந்தயம் பார்க்கிறேன். பணம் கட்டுவதில்லை, குதிரைக்காகவே போகிறேன். ஜாக்கியைத் தள்ளிவிட்ட குதிரையும் கூட்டத்தோடு கடைசிவரை ஓடுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அடிக்க ஆளில்லை, கடிவாளம் பிடிக்க ஆளில்லை. பிறகு ஏன் ஓடுகிறது? ஓட்டம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. பந்தயம் நின்றால் இந்த இனமே இருக்காது. வீட்டுப் பிள்ளையைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படும் விலங்குக்காக நீங்கள் கலங்குவது மிகையாகப் படுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அந்த ஆளில்லாத குதிரைதான். குதிரை இரையாகும் விலங்கு. மந்தை ஓடினால் அதுவும் ஓடும், காரணத்தைப் பிறகுதான் தேடும். தனித்து நிற்பதுதான் அதற்குப் பெரிய பயம். தடை தாண்டும் பந்தயங்களில் நீங்களே கவனித்திருப்பீர்கள்: ஆளில்லாத குதிரைகளில் சில, தடையைத் தாண்டாமல் பக்கவாட்டில் சுற்றி வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும். எனக்கு அந்தக் குதிரைகளை ரொம்பப் பிடிக்கும்.

குதிரைக்கு ஓடப் பிடிக்கும் என்பதில் நமக்குள் வழக்கே இல்லை. போதும் என்று தோன்றும்போது அதனால் நிற்க முடிகிறதா என்றுதான் கேட்கிறேன். மந்தையோடு ஓடச்சொல்லும் அதே இயல்பு, வலியை வெளியே காட்டாதே என்றும் சொல்கிறது. பந்தயத்தில் கால் முறிந்து செத்த குதிரைகளைப் பிரேதப் பரிசோதனை செய்தால், பெரும்பாலானவற்றில் முறிந்த இடத்திலேயே பழைய நுண்விரிசல்கள் தெரிகின்றன. எலும்பு நாள்பட நைந்துகொண்டிருந்திருக்கிறது, குதிரையும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் ஒரு வலிநிவாரணி போட்டிருந்தால் மருத்துவர் கண்ணுக்கும் தப்பிவிடும்.

முறிந்தபின் நடப்பது இன்னும் மோசம். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கை மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைக்க முடியாது. பாரமெல்லாம் நல்ல கால்களில் இறங்கும். அங்கே குளம்பையும் எலும்பையும் பிணைக்கும் திசு அழற்சி கண்டு பிய்ந்துவிடும். பார்பரோ, அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தை 2006-ல் வென்ற குதிரை. இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தில் அதன் பின்னங்கால் நொறுங்கியது. உடைமையாளர்கள் பணத்தைப் பார்க்கவில்லை, மருத்துவர்களும் எட்டு மாதம் போராடினார்கள். கடைசியில் மற்றக் கால்களின் குளம்புகள் கெட்டு, 2007 ஜனவரியில் ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவைத்தார்கள்.

வயதைப் பற்றி நான் எழுதியதில் ஒரு திருத்தம். வட அரைக்கோளத்துப் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். மே மாதம் பிறந்த குட்டியை 'இரண்டு வயது' என்று களமிறக்கும்போது அதற்கு உண்மையில் இரண்டு நிறையாமலும் இருக்கலாம். முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்தாறு வயதாகும். ஆனால் இளவயதில் அளவாக ஓடினால் எலும்பு உறுதிப்படுகிறது. இரண்டு வயதில் ஓடத் தொடங்கிய குதிரைகள் பின்னாளில் கூடுதலாகக் காயப்படுவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே 'குழந்தைத் தொழிலாளி' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். என் வருத்தமெல்லாம் அந்த 'அளவாக' என்ற சொல்லைப் பற்றியது. பெரிய டெர்பி பந்தயங்களில் பெரும்பாலானவை மூன்று வயதுக் குதிரைகளுக்கானவை. இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம் என்று எலும்பு சொன்னாலும் நாட்காட்டி பொறுக்காது.

வீட்டுப் பிள்ளை என்கிறீர்கள். நாளெல்லாம் மேய்வதற்கென்றே அமைந்த வயிறு அது, ஓயாமல் அமிலம் சுரந்துகொண்டிருக்கும். லாயத்தில் நாளின் பெரும்பகுதி அடைபட்டு, வேளைக்கு வேளை தானியம் தின்னும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பையில் புண். குதிரையை விரட்டுவதற்காகச் சவுக்கால் அடிப்பதை நார்வே 1982-லேயே தடை செய்தது, அங்கே பந்தயம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

இனம் அழிந்துவிடும் என்பதற்கு என் பதில் சுருக்கமானது. பிறக்காத குதிரைக்கு நஷ்டம் ஏதுமில்லை.

இதெல்லாம் தலைவிதி என்றும் நான் சொல்லவில்லை. ஒரு குதிரை ஒரு பந்தயத்தில் ஓடுவதை ஓர் ஓட்டம் என்று கணக்கிட்டால், அமெரிக்காவில் 2009-ல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2 குதிரைகள் செத்தன. 2023-ல் அது 1.32 ஆகக் குறைந்தது. எண்ணத் தொடங்கியதால், ஓடுதளத்தையும் மருந்தையும் கவனிக்கத் தொடங்கியதால் வந்த மாற்றம். ஓட்டம் முடிந்த பிறகுள்ள காலத்தை இப்படிக் கறாராக எண்ணுவதுதான் அரிதாக இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டு வாழக்கூடிய விலங்கு, பந்தயத்தில் இருப்பதோ சில ஆண்டுகள். 1986-ல் கென்டக்கி டெர்பியை வென்ற பெர்டினாண்ட், 2002-ல் ஜப்பானில் இறைச்சிக்கூடத்துக்குப் போனது. வென்ற குதிரை என்பதால்தான் அதுவாவது செய்தியானது.

இனிப் பந்தயத்துக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அடுத்த முறை போனால் கடைசியாக வரும் குதிரையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து அது எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். விவரம் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.