எழுபது வளைவும் ஒரு ஜோடி பிரேக் கட்டையும்: கொல்லிமலை சைக்கிள் பயணம், கேள்வி பதில்

போன ஞாயிறு விடிகாலை நாமக்கல்லில் கிளம்பி சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினேன். சோளக்காட்டில் சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் இறங்கிவிட்டேன். இது பதினோராவது தடவை. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோடு வாசகர்: எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற எத்தனை மாதப் பயிற்சி வேண்டும்?

வாரம் இரண்டு முறை 40 கிலோமீட்டர் மிதிப்பவரென்றால் ஏறிவிடலாம். மூச்சு வாங்கினால் காலை ஊன்றி நின்றுகொள்ளுங்கள், யாரும் துரத்தவில்லை. எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறீர்கள். எனக்குப் பயம் இறக்கம்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நீங்கள் 70 கிலோ, சைக்கிளும் மூட்டையும் 15 கிலோ. ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இந்த எடை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் சாலையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவதால் பெரும்பங்கு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான் போகிறது. முதல் தடவை பாதி மலையில் நிறுத்தி ரிம்மைத் தொட்டேன். ஆள்காட்டி விரலில் கொப்புளம். உள்ளே டியூபில் பழைய பஞ்சர் ஒட்டு வேறு சூட்டில் இளகி, காரவள்ளி வருவதற்குள் காற்று இறங்கிவிட்டது.

வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். மலை முழுக்கப் பின் பிரேக்கை மட்டும் உரசிக்கொண்டே வராதீர்கள். பத்து வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி ஆற விடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியத் துணுக்கு பொதிந்திருந்தால் ஊக்கால் நோண்டி எடுங்கள், இல்லையென்றால் அது ரிம்மையே அரம் போல் ராவிவிடும்.

கரூர் வாசகர்: எந்த சைக்கிள் வாங்கலாம்?

பிராண்டு சொல்ல மாட்டேன். முன்னால் சின்ன செயின் வீலில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் 34 பல் இருந்தால், ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று, அதாவது இரண்டு மீட்டர் சொச்சம் நகரும். அது போதும்.

திருச்செங்கோடு வாசகர்: பட்ஜெட் இருபதாயிரம். எந்த சைக்கிள்?

மேலே பாருங்கள்.

மதுரை வாசகர்: வழியில் என்ன சாப்பிடுவது?

அதே 85 கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க உடம்பு 800 கலோரி அளவுக்குச் செலவழிக்கும். இட்லி மட்டும் தின்றுவிட்டு ஏறினால் பாதியில் கண் இருட்டும். கடலை மிட்டாய், பேரீச்சை, உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர். வாழைப்பழத்தை மட்டும் முன்பையில் தெரிகிற மாதிரி வைக்காதீர்கள், குரங்கு பையோடு கொண்டுபோய்விடும்.

திருச்சி வாசகர்: நடுவில் இறங்கித் தள்ளினேன். அதையும் ஏறியதாகச் சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாக.

சேலம் வாசகர்: மன்னிக்கணும் சார், ஒப்ப மாட்டேன். தள்ளினால் அது நடைப்பயணம். கியர் வைத்து ஏறுவதையே நான் பாதி ஏற்றம் என்றுதான் சொல்வேன்.

சரி, வாருங்கள். டூர் டி பிரான்ஸ் போட்டியில் 1937 வரை செயினை மாற்றிப்போடும் கியருக்கு அனுமதி இல்லை. உங்களை மாதிரி நினைத்தவர்கள்தான் நடத்தினார்கள். 1910இல் அந்தப் போட்டி முதன்முதலாக பிரனீஸின் பெரிய கணவாய்களில் ஏறியது. டூர்மலே கணவாயில் ஒக்தாவ் லாபீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிற படம் இன்றைக்கும் இருக்கிறது. அந்த ஆண்டு கோப்பை யாருக்கு? அவருக்கேதான்.

சேலம் வாசகர்: அது கல்லும் மண்ணுமான பாதை. இது தார் ரோடு.

தார் ரோடுதான். ஆனால் செங்குத்தான இடத்தில் நான் மிதித்தாலே மணிக்கு ஐந்து கிலோமீட்டர், நடந்தால் நான்கு. அந்த ஒரு கிலோமீட்டருக்காக முழங்காலை அடகு வைக்கச் சொல்கிறீர்களா? நாற்பதுக்கு மேல் ஏதோ ஒரு வளைவில் நான் தள்ளிக்கொண்டிருந்தபோது, தலையில் பலாப்பழம் சுமந்த ஒரு அம்மா, "ஏன் தம்பி, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் புகுந்தார். மூன்று வளைவு தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது, அங்கே கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய் நடைப்பயணம், முழு ஏற்றம் என்று விளக்குங்கள்.

திருச்சி வாசகர்: நன்றி சார். நெஞ்சில் பால் வார்த்தீர்கள்.

சேலம் வாசகர்: அந்த அம்மா ஏறினார். நீங்கள் ஏறவில்லை.

அது சரிதான். அடுத்த கேள்வி.

தஞ்சாவூர் வாசகர்: வளைவில் பஸ் வந்தால்?

ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஓரங்கட்டி இறங்கிவிடுங்கள். பஸ் திரும்பச் சாலை முழுக்க வேண்டும். குறுகலான மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஆனால் சட்டம் பேசுகிற இடம் அதுவல்ல. இடது பக்கம் திரும்பும் வளைவில் ஏறும்போது உள்விளிம்புதான் ரொம்பச் செங்குத்து. பின்னால் வண்டி இல்லையென்றால் கொஞ்சம் வெளியே தள்ளி ஏறுங்கள்.

கோவை வாசகர்: அதே நாளில் ஆகாய கங்கையும் பார்த்துவிடலாமா?

அருவிக்கு ஆயிரம் படி இறங்கி, திரும்ப ஏற வேண்டும். அதற்கப்புறம் எழுபது வளைவு இறங்க, பிரேக் பிடிக்கக் கையில் தெம்பு இருக்குமா? செம்மேட்டில் தங்கிவிட்டு மறுநாள் போங்கள்.

திண்டுக்கல் வாசகர்: முழங்கால் வலிக்கிறது, என்ன செய்ய?

முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் என்றால் உயரம். சரிசெய்தும் வலித்தால் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

ஓசூர் வாசகர்: மழையில் இறங்கலாமா?

நனைந்த ரிம்மில் முதல் ஓரிரு சுற்றுக்கு பிரேக் பிடிக்கவே பிடிக்காது. டீக்கடையில் உட்காருங்கள்.

பெரம்பலூர் வாசகர்: சார், நல்ல சைக்கிள் ஒன்று சொல்லுங்களேன்.

34க்கு 34. மூன்றாவது தடவை. இப்போது வீட்டில் இருக்கிற சைக்கிளின் பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தீர்களா?