கூழ் விற்கும் கடை

வணக்கம் அண்ணை,

பதினாறு வருசத்துக்குப் பிறகு இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறொன்ரோவிலிருந்து வந்து போனேன். ஊர் மாறியிருக்கும் என்று தெரியும். ஆனால் இப்படியா? ஆஸ்பத்திரி வீதியில் கே.எஃப்.சி., இன்னொரு பக்கம் பீட்சா, பார்த்த இடமெல்லாம் புரியாணிப் பலகை. நண்டுக் குழம்போடு ஒரு நல்ல சோறு தேடி மூன்று நாள் அலைந்தேன். ஸ்காபரோவில் இதைவிடச் சுகமாகக் கிடைக்கும். நாங்கள் பெடியளாக இருந்த காலத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு என்ன நடந்தது? வெளியாட்கள் வந்து எங்கள் நாக்கையே மாற்றிவிட்டார்கள். இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

குகன்

*

அன்புள்ள குகன்,

முதலில் ஒரு தகவல். நீங்கள் தேடிய கடைகளில் ஒன்று இன்னும் நடக்கிறது. பெரியகடைப் பக்கம் மலாயன் கபேக்குப் போனீர்களா? பழைய மர அலுமாரி, மாபிள் போட்ட மேசை, வாழையிலைச் சாப்பாடு. சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்து, அதற்கென்று வைத்திருக்கிற ஓட்டைக்குள் நீங்களே தள்ளிவிட வேண்டும். என் பேரனுக்கு அந்தக் கடையில் பிடித்தது அந்த ஓட்டை மட்டும்தான். பாதி வடையோடு இலையைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நாங்கள் பெடியளாக இருந்தபோது கடையில் என்ன சாப்பிட்டோம்? தோசை, இட்டலி, உளுந்து வடை, போண்டா, பிளேன் ரீ. கையில் காசு கொஞ்சம் கூட இருந்தால் நெய்த்தோசை. நீங்கள் இன்று யாழ்ப்பாணச் சாப்பாடு என்று தேடி அலைகிற நண்டுக் குழம்பும், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழும், முருங்கையிலை வறையும் அப்போது எந்தக் கடையில் விற்றன? அதெல்லாம் வீட்டுக் குசினியில் இருந்தது. கடை, வீட்டுச் சோறு வாய்க்காதவனுக்கு. கோட்டுக்கு வழக்காட வந்தவன், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு நிற்பவன், அறை எடுத்துத் தங்கியிருந்த கிளாக்கர், வாத்தியார். ‘பாவம், கடைச் சாப்பாடு’ என்பார்கள். என் அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதேயில்லை. பெரியாஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்தபோது ஒருநாள் கடைத் தேத்தண்ணியைப் போத்தலில் வாங்கி வந்து கொடுத்தேன். அதைக்கூட அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுதான் குடித்தார்.

போத்தலில் தேத்தண்ணி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கடைகளுக்குள் எல்லாரும் போய் இருக்க முடியாது. சிலருக்கு வாசலுக்கு வெளியேதான், அதுவும் தனிப் பேணியில், இல்லாவிட்டால் போத்தலில். பொது இடங்களில் சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்ததே தவிரக் கதிரை வரவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி இந்தத் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகும் சங்கானை, நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கங்களில் ஒரு கிளாஸ் தேத்தண்ணியை உள்ளே இருந்து குடிப்பதற்காக அடிபட வேண்டியிருந்தது. உங்களுக்கும் எனக்கும் நெய்த்தோசையின் வாசம்தான் ஞாபகம் வருகிறது என்றால், நாங்கள் உள்ளே இருந்தவர்கள். அவ்வளவுதான்.

புரியாணி வெளியாளின் சாப்பாடு என்கிறீர்கள். ஐந்துசந்திப் பக்கம் முஸ்லிம் கடைகள் இருந்தன, குகன். நீங்களும் போயிருப்பீர்கள், வீட்டுக்குச் சொல்லாமல். 1990 ஒக்ரோபர் கடைசியில் அந்தச் சனத்தைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு அனுப்பினார்கள். அடுப்பும் அவர்களோடு போய்விட்டது. பிறகு சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை. இப்போது பலகையில் புரியாணி என்று எழுதியிருப்பதைப் புதிசாக வந்த ஒன்றாக நான் பார்க்கவில்லை. சுவை அந்தக் காலத்துச் சுவையா என்று கேட்டால், இல்லை.

அப்புறம் போரும் பொருளாதாரத் தடையுமான காலம். சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருசத்துக்கு மேலாக அடிக்கடி இடம்பெயர்ந்த ஊரில் எந்தக் கடை தலைமுறை தலைமுறையாக நிற்கும்? 2009 இல் தெற்கே போகிற ஏ9 பாதை மறுபடி திறந்தது, 2013 இல் கார்கில்ஸ் சதுக்கம் என்ற கடைத்தொகுதி வந்தது, 2014 இல் ரயில் மறுபடி வந்தது. வந்தவர்கள் வெறும் நிலத்தில்தான் கடை போட்டார்கள்.

அந்தப் பொரித்த கோழி எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒரு பின்னேரம் பேரனின் தொல்லை தாங்காமல் போய் இருந்தேன். பக்கத்து மேசையில் கம்பஸ் பிள்ளைகள் நாலு பேர், எல்லாரும் பெண்கள். ஒருத்தி போனில் கணக்குப் போட்டு ஆளுக்கு எவ்வளவு என்று சொல்ல, மற்றவர்கள் சில்லறை தேடினார்கள். ஏதோ பகிடி, நால்வரும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்கள். கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக் குசினி கடைக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்துக்குப் போனீர்களா? வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாடு, பெண்கள் நடத்துவது. பெயரை மாற்றச் சொல்லிக் கொழும்பிலிருந்து இழுபறி வந்தது, பெயர் நின்றது. கண் முன்னாலேயே சமையல். நான் போன நாளில் ஒரு அம்மா தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்று ஈர்க்குக் கட்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மா ஊற்றினார். அந்தத் தட்டு எங்கள் வீட்டில் கேட்ட அதே தட்டு. இலைக்கஞ்சி குடிக்க வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசையில் நின்றார்கள்.

உங்களைப் போல ஏமாந்த கதை என்னிடமும் உண்டு. புதிசாகத் திறந்த ஒரு இடத்தில், குளிரூட்டியின் கீழே, மெனு அட்டையில் கூழ் என்று போட்டிருந்தது. ஆசையோடு சொன்னேன். வெள்ளைக் கிண்ணத்தில் கரண்டியோடு வந்தது. நண்டு இருந்தது, இறால் இருந்தது, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் இருந்தது. ஒடியல் மாதான் இல்லை. வாயில் வைத்ததும் சோள மாவின் வழவழப்பு. ‘ஒடியல் போட்டால் கசக்குது எண்டு வெளிநாட்டுக்காரர் சொல்லுகினம் ஐயா’ என்றான் பரிமாறிய பெடியன். எங்கள் நாக்கை யார் மாற்றினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பதில் சொல்லவில்லை, அந்தப் பெடியன் சொல்லிவிட்டான்.

கடைசியாக, உங்கள் நண்டு விசயம். இருபத்தைந்து நாளும் நல்லூரில் திருவிழா, பாதி ஊர் மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடாது. அந்த நேரத்தில் வந்து நண்டு தேடினால் எப்படி? அடுத்த முறை தீர்த்தம் முடிந்தும் ஒரு கிழமை நில்லுங்கள். பாசையூரில் நண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஒடியல் மா என்னிடம் இருக்கிறது.