குவாண்டம் புள்ளிகள்: ஒளிர்வைக் கூட்டுவது பற்றிச் சில கேள்விகள்

கே: காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளிகளை (ஒளியை உறிஞ்சி ஒளிரும், சில நானோமீட்டர் அளவுள்ள படிகத் துகள்களை) மெத்தனாலில் ஐந்து முறை கழுவினேன். ஒளிர்வு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஏன்?

ப: கழுவியதால்தான். மெத்தனால் அழுக்கோடு, புள்ளியின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் மூலக்கூறுகளான லிகண்டுகளையும் உரித்தெடுத்துவிடும். மேற்பரப்பு அம்மணமாகிவிட்டால் எலக்ட்ரான் அங்கே சிக்கிக்கொள்ளும், ஒளி வராது. இரண்டு முறை கழுவினால் போதும். அசிட்டோன் கொஞ்சம் சாதுவானது.

கே: புள்ளியின் மேல் பூசும் துத்தநாக சல்பைடு ஓடு தடிக்கத் தடிக்க ஒளிர்வு கூடுமா?

ப: கூடாது. புள்ளி, ஓடு ஆகிய இரண்டு படிகங்களின் அணிக்கோவைக்கும் (அணுக்களின் அடுக்குமுறைக்கும்) 12 சதவீத அளவுக்குப் பொருத்தமில்லை. ஓரிரண்டு அடுக்கைத் தாண்டினால் இறுக்கம் தாங்காமல் குறைபாடுகள் முளைக்கும். இடையில் காட்மியம் சல்பைடு பூசுங்கள்.

கே: தங்க நானோ துகள்களைச் சேர்த்ததும் ஒளிர்வு 20 மடங்கானது. கட்டுரையாக எழுதலாமா?

ப: எதனோடு ஒப்பிட்டு 20 மடங்கு? அதைக் கடிதத்தில் எங்கும் சொல்லவில்லை. ஓடே இல்லாத, உறிஞ்சிய ஒளித்துகள்களில் 3 சதவீதத்தை மட்டும் திரும்ப உமிழும் (இந்த வீதம்தான் குவாண்டம் விளைச்சல்) புள்ளியோடு ஒப்பிட்டிருந்தால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1996-லேயே ஹைன்ஸும் கியோ-சியோன்னெஸ்ட்டும் வெறும் துத்தநாக சல்பைடு ஓடு போட்டே 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள். ஏற்கெனவே 50 சதவீதம் ஒளிரும் புள்ளியின் குவாண்டம் விளைச்சலைத் தங்கம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தவே முடியாது. மிச்சம் பத்து மடங்கு, புள்ளி கூடுதலாக ஒளியை உறிஞ்சியதாலோ, ஒளி உங்கள் லென்ஸ் பக்கம் திரும்பியதாலோ வந்திருக்க வேண்டும். எது என்று அறிய ஒளிர்வின் ஆயுட்காலத்தை அளந்தாக வேண்டும். பிரகாசம் கூடும்போதே ஆயுள் குறைந்தால் உமிழ்வு வேகம் பிடித்திருக்கிறது. ஆயுள் அசையாமலிருந்தால் உறிஞ்சுதலையோ திசையையோ பாருங்கள். தங்கத்துக்கும் புள்ளிக்கும் இடைவெளி எத்தனை நானோமீட்டர் என்பதையும் எழுதவில்லை. ஐந்துக்கும் கீழே போனால் தங்கம் ஒளியை விழுங்கிவிடும். பத்துக்குப் பக்கத்தில் சிலிக்கா பூசி நிறுத்துங்கள். குவாண்டம் விளைச்சலை அளக்க ரோடமின் சாயத்தோடு ஒப்பிடும்போது உறிஞ்சலளவு 0.1-க்குக் கீழே இருக்கட்டும். எத்தனை முறை எழுதினாலும் அடர்ந்த கரைசலையே குவெட்டில் (அளவீட்டுக் குப்பியில்) ஊற்றுகிறார்கள்!

கே: 10,000 தரக்காரணி (கோடு எவ்வளவு ஒடுங்கியது என்பதன் அளவு) உள்ள ஒளிக்குழிவில் (ஒளியைச் சிறைப்பிடிக்கும் நுண்ணமைப்பில்) வைத்தும் அறை வெப்பநிலையில் ஒளிர்வு கூடவில்லையே?

ப: 620 நானோமீட்டரில் உங்கள் புள்ளியின் நிறமாலைக் கோடு 25, 30 நானோமீட்டர் அகலம். அதன் சொந்தத் தரக்காரணியே இருபத்துச் சொச்சம்தான். குழிவு உமிழ்வை எத்தனை மடங்கு வேகப்படுத்தும் என்று 1946-இல் இயற்பியலாளர் பர்செல் தந்த சூத்திரம், உமிழும் கோடு குழிவின் கோட்டைவிட ஒடுங்கியிருந்தால்தான் முழுப் பலன் தரும். குழிவின் கன அளவைச் சுருக்குங்கள்.

கே: இண்டியம் பாஸ்பைடு புள்ளிகளை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் பதப்படுத்தலாமா?

ப: பலன் உண்டு. ஆனால் இந்த அமிலம் தோலில் பட்டால் தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள்.